பஞ்சர் என்று சொல்லியிருக்கலாம்

எங்கள் பள்ளிக்கூடத்து வேன்களுக்கு ஒரு விதி உண்டு. வண்டி ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால், ஓட்டுகிறவர் செல்போனில் இருக்கும் பெற்றோர் குழுவில் காரணம் சொல்லிக் குரல் பதிவு போட்டுவிட வேண்டும். மற்ற டிரைவர்கள் எல்லாரும் ஆண்கள். எல்லாரும் ‘பஞ்சர்’ என்று சொல்லிவிடுவார்கள். ஒரே டயர் ஒரே மாதத்தில் நான்கு முறை பஞ்சரான கதையெல்லாம் அந்தக் குழுவில் உண்டு. யாரும் ஏன் என்று கேட்டதில்லை. நான் ஒருத்திதான் ஒரு நாள் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அதற்குப் பரிசாக என் வண்டிச் சாவியைப் பிடுங்கினார்கள்.

பொய்யே சொல்லாதவள் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். மாமியாரிடம் சொன்ன பொய்களை மட்டும் வரிசையாகச் சொன்னாலே சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஒரு பகல் போய்விடும். ஆனால் அன்று காலை பார்த்தது அப்படி. பஞ்சர் என்ற சொல் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை.

நான் பிறந்தது சேலத்தில், ஆத்தூர் ரோட்டில் அயோத்தியாப்பட்டணத்துப் பக்கம். கத்தோலிக்கக் குடும்பம். கட்டிக்கொண்டு வந்தது நாமக்கல் பக்கம் சேந்தமங்கலத்துக்கு. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் நான் வாயைத் திறந்தால் ‘நீங்க ஆத்தூர்ப் பக்கமுங்களா’ என்று கேட்கிறார்கள். கணவர் லாரி டிரைவர். மாதத்தில் இருபது நாள் வடக்கே எங்கேயாவது இருப்பார். எனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ‘நீ கத்துற கத்துக்கு ஹார்னே வேண்டாம்’ என்று சொல்லிச் சொல்லிக் கற்றுக்கொடுத்தார். பிறகு நானே லைசென்ஸ் எடுத்து, நானே போய்க் கேட்டு, அந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் பெண் டிரைவராகச் சேர்ந்தேன். அந்த வேன் எனக்கு வெறும் வேலை இல்லை. ஊரில் என்னை யார் என்று கேட்டால், இன்னார் மனைவி என்று சொல்லாமல் ‘வேன்காரக்கா’ என்று சொல்வார்கள். அந்தப் பெயரை நானே சம்பாதித்திருந்தேன்.

அது மார்கழி. பத்தாம் வகுப்புக்குக் காலையில் ஸ்பெஷல் கிளாஸ். கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் கடைசி ஊரில் ஆறு மணிக்கு முதல் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். ஐந்தரைக்குக் காலி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கரண்ட் இல்லை. மலை வரைக்கும் ஒரு விளக்கு கிடையாது. சாலை ஒரு ஏரிக்கரை மேல் ஏறிப் போகும். கரையில் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் மரங்கள் விட்டுப்போய் ஏரி தெரியும். அந்த இடத்துக்கு வந்தபோதுதான் பார்த்தேன்.

ஏரிக்கு மேலே, பனிக்கு மேலே, அந்தரத்தில் ஒரு வெளிச்சம் நின்றது. நீளமாக, நீலம் கலந்த வெள்ளையாக. உற்றுப் பார்த்தால் வரிசையாக ஜன்னல் ஜன்னலாக இருந்தது. கீழே அதைத் தாங்க ஒன்றும் இல்லை. மேலே தொங்கவும் ஒன்றும் இல்லை. பிரேக்கை மிதித்தேன். பதினோரு வருடப் பழக்கம், கை தானாகப் போய் நான்கு பக்கமும் மினுக்குகிற மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டது. என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினேன். அப்போதுதான் சத்தம் கேட்டது. தண்ணீர் மேல் தவழ்ந்து வருகிற மாதிரி ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது மெல்ல இடது பக்கமாக நகர ஆரம்பித்தது. தார் ரோட்டில் முழங்கால் போட்டு, சிலுவை அடையாளம் போட்டு, மாதாவின் அருள்நிறை மந்திரத்தை ஆரம்பித்தேன். பாதி சொல்வதற்குள் அது பட்டென்று அணைந்தது. பறந்து போகவில்லை, மங்கவும் இல்லை. இருந்தது, இல்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு போய் முதல் நிறுத்தத்தில் நின்று குழுவில் பேசினேன். “வணக்கமுங்க. வண்டி பத்து நிமிசம் லேட்டுங்க. ஏரிக்கரைல வானத்துல வெளிச்சமா ஒரு பொருள் நின்னுச்சுங்க. அதப் பாத்து நின்னுட்டேன். இப்ப அது போயிருச்சு. நான் வந்துட்டிருக்கேன்.”

மெல்லுகிற வாய்க்கு அவல் கிடைத்தது. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்குவதற்குள் அந்தப் பதிவு எந்தெந்த ஊருக்கோ போய்விட்டது. ஒருவர் கும்பிடுகிற கை போட்டார். ஒருவர் வயிறு வலிக்கச் சிரிக்கிற முகம் போட்டார். ஒரு அப்பா மட்டும் நிதானமாக எழுதினார்: ‘இந்த டிரைவரோடு என் மகளை அனுப்பப் பயமாக இருக்கிறது.’ அவரைக் குறை சொல்ல முடியாது. என் மகளாக இருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். ஆனால் படித்தபோது அப்படித் தோன்றவில்லை. அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் ஹார்ன் அடிக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

தாளாளர் மறுநாள் கூப்பிட்டார். நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார். அதுதான் இன்னும் எரிச்சல்.

“கண்ணால் கண்டதும் பொய்ம்பாங்கம்மா. கண்ணு டாக்டர்கிட்ட ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வந்துருங்க.”

நாமக்கல் போய், சொட்டு மருந்து விட்டு, எழுத்தெல்லாம் படித்து, கண் கழுகுக் கண் என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர் இன்னும் கவலையாகிவிட்டார். “கண்ணு நல்லாத்தான் இருக்குது. அப்ப பிரச்சினை வேற எங்கயோ இருக்குதுங்கம்மா.”

சாவியை மேஜை மேல் வைக்கச் சொன்னார். பொங்கல் வரைக்கும் வேறு ஒருவர் ஓட்டுவார். அதற்குள் பெற்றோர்கள் சமாதானமானால் பார்க்கலாம், இல்லையென்றால் பொங்கல் முடிந்து புது ஆள். சாவியை வைத்தேன். அதில் என் ஜெபமாலையிலிருந்து அறுந்த ஒரு சின்னச் சிலுவையைக் கோத்திருந்தேன். அதையும் சேர்த்தே வைத்துவிட்டு வந்தேன். கழற்றினால் அழுதுவிடுவேன் என்று பயம்.

அதற்குப் பிறகு விளக்கங்கள் வந்து குவிந்தன. எங்கள் ஊரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் பத்துப் பேர் கஷாயம் சொல்வார்கள். வானத்தில் ஒன்றைப் பார்த்தாலும் அப்படித்தான் போலிருக்கிறது.

முதலில் வந்தவர் எதிர்வீட்டு அக்கா. மரவள்ளிக்கிழங்கு போடுகிற குடும்பம், பேச்செல்லாம் சுத்தக் கொங்கு, யாரையும் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார். “சாமி, அது முனியப்பன் வார தடமுங்க. மலையில இருந்து ஏரிக்கு எறங்குவாரு. எங்க மாமனாரு காலத்துலயே வெளிச்சமா பாத்திருக்காங்க. உன்ற மேல கோவமில்ல, அதான் ஊடு வந்து சேந்துட்ட. ஒரு சேவல் நேர்ந்துக்க, செரியாப் போயிரும்.” நான் வேதக்காரி, சேவல் எப்படி அறுப்பது என்று கேட்டேன். “நீ நேர்ந்துக்க, நான் அறுத்துக்கறேன்” என்றார். அவர் அன்பில் சந்தேகமே இல்லை. சேவல் குழம்பிலும் இல்லை.

பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆசிரியர், படித்துவிட்டுப் புதிதாக வந்தவர், ஆசிரியர் அறையில் உட்காரவைத்து மணி அடிக்கும் வரை விளக்கினார். விடியற்காலை வெள்ளிக் கிரகமாக இருக்கலாம். வரிசையாகப் போகும் செயற்கைக்கோள்களாக இருக்கலாம், இப்போதெல்லாம் ரயில் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. மருந்தடிக்கிற டிரோனாக இருக்கலாம். தரைக்குப் பக்கத்தில் குளிர்ந்த காற்றும் மேலே வெதுவெதுப்பான காற்றும் நின்றால் தூரத்து விளக்கு வளைந்து உயரத்தில் தெரியலாம். இவை ஒன்றும் இல்லை என்றால், அரைத் தூக்கத்தில் மூளை இட்டு நிரப்பிக்கொண்டதாக இருக்கலாம். கடைசியாகச் சொன்னதைத்தான் அவர் நம்பினார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இவ்வளவு தெரிந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்கவில்லை: எந்தத் திசையில் பார்த்தீர்கள்?

பங்குச் சாமியாரிடம் போனேன். எங்கள் கோவிலில் ஒரு கூட்டம் ஏற்கெனவே மாதா காட்சி என்று கிசுகிசுக்க ஆரம்பித்திருந்தது. இன்னொரு கூட்டம் சாத்தானும் ஒளியின் தூதனாக வேஷம் போடுவான் என்றது. சாமியார் மட்டும் அவசரப்படவில்லை.

“இந்த மாதிரி விசயத்துல திருச்சபை ரொம்ப மெதுவாத்தாம்மா நடக்கும். அது என்னன்னு அப்புறம் பாக்கலாம். அதப் பாத்தப்ப உங்களுக்கு என்ன தோணுச்சு?”

“பயமா இருந்துச்சு சாமி. அப்புறம் பயம் இல்ல. யாரோ எதிர்ல இருக்காங்கன்னு தோணுச்சு.”

“அத மறந்துராதீங்க” என்றார். “ஒரு நவநாள் செய்யுங்க. ஒன்பது நாள். தெளிவு கெடைக்கும்.”

கணவர் மகாராஷ்டிராவில் எங்கோ டீக்கடையிலிருந்து போன் செய்தார். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, “ஏண்டி, பஞ்சர்னு சொல்ல உனக்கு வாய் வலிக்குதா?” என்றார். பிறகு குரலைத் தணித்து, “ரோட்டுல நாங்க பாக்காததா? அஞ்சு வருசத்துக்கு முன்னால நானும் ஒண்ணு பாத்தேன். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா வண்டிய வாங்கிருவாங்க” என்றார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. எல்லாரும் விளக்கம் சொன்னார்கள். என் கண்ணை விளக்கினார்கள், என் மூளையை விளக்கினார்கள், என் பாவபுண்ணியத்தை விளக்கினார்கள். அந்த ஏரிக்கரைக்கு வந்து பார்க்கிறேன் என்று ஒருவர் சொல்லவில்லை. சரி, நவநாள்தானே? அதைக் கோவிலில் எதற்குச் செய்ய வேண்டும்? ஒன்பது நாளும் விடியற்காலை அந்த ஏரிக்கரையிலேயே செய்கிறேன் என்று முடிவு செய்தேன். ஜெபமும் ஆச்சு, காவலும் ஆச்சு.

கணவரின் பழைய மொபட்டில் போய், அதே இரண்டு தோப்புக்கு நடுவில், தலையில் மப்ளரோடு நின்றேன். முதல் நாள் பனியே இல்லை. ஏரி தெரிந்தது, மலை தெரிந்தது, அடிவாரத்தில் வீட்டு விளக்குகளும் கோழிப்பண்ணை விளக்குகளும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. இரண்டாம் நாள் தலைக்கு மேல் வரை பனி மூடி என் கையே தெரியவில்லை. மூன்றாம் நாள் என் வேனை வேறு ஒருவர் ஓட்டிக்கொண்டு என்னைக் கடந்து போனார், ஹார்ன் வேறு அடித்தார். அன்று ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. நான்காவதும் ஐந்தாவதும் சும்மா போயின. பால்காரர்கள் கடக்கும்போது வேகத்தைக் கூட்டிக்கொண்டார்கள்.

ஆறாம் நாள் பனி தண்ணீர் மேல் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் அதிகமாக, பாய் விரித்த மாதிரி படுத்திருந்தது. ஐந்தரை மணிக்கு அது வந்தது.

அதே நீலவெள்ளை. அதே ஜன்னல் வரிசை. அதே அந்தரம். வாய்விட்டு “ஆண்டவரே!” என்று கத்திவிட்டேன். நான் பைத்தியம் இல்லை. என் கண் நல்ல கண். என் மூளை நல்ல மூளை. அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை.

அதை முதலில் பார்த்த அன்று அது அணைந்துவிட்டது, எனக்கும் பிள்ளைகளை ஏற்றப் போகிற அவசரம் இருந்தது. இன்றைக்கு வேலை இல்லாதவள், நிற்கலாம். வேலையைப் பிடுங்கி அந்த நேரத்தை எனக்குக் கொடுத்ததே தாளாளர்தான். நின்றேன். ஆறு மணி ஆனது. கிழக்கு வெளுத்தது. பனி மெல்ல இளகியது. அந்த வெளிச்சத்துக்குக் கீழே ஒரு கால் தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு கால். பிறகு வரிசையாக, கான்கிரீட் தூண்களாக, ஒரே அளவில். மேலே தகரக் கூரை. அந்தக் கூரைக்கும் தூண்களுக்கும் நடுவில் கம்பி வலை, அதற்குள் டியூப் லைட்டுகள்.

கோழி ஷெட்.

தூணின் மேல் கட்டி, கூண்டுகள் மேலேயும் எச்சம் கீழேயும் இருக்கிற மாதிரி, இந்த மாவட்டத்தில் எங்கே திரும்பினாலும் நிற்கிற அதே கோழி ஷெட். அடிவாரத்தில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். பழைய ஷெட்டுகளில் மஞ்சள் குண்டு பல்பு இருக்கும், இதில் வெள்ளை விளக்கு. தூணை ஏரிப் பனி மறைத்திருக்கிறது. அவ்வளவுதான். அந்த வாடைகூட முதல் நாளிலிருந்தே வந்துகொண்டிருந்தது. வெளியூர்க்காரி யாராவது நின்றிருந்தால் மூக்கை வைத்தே கண்டுபிடித்திருப்பாள். எங்களுக்குக் காற்று என்றாலே அந்த வாடைதான், அதனால் நான் அதை ஒரு தடயமாகவே நினைக்கவில்லை.

சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. நாமக்கல்காரி கோழி ஷெட்டைப் பார்த்து முழங்கால் போட்டாள் என்று ஊர் சிரிக்கும். பைத்தியக்காரி என்ற பெயரே இதைவிட மேல். வீட்டுக்கு வந்தால் வாசலில் யாரோ ஒரு பெண் கைக்குழந்தையோடு காத்திருந்தார். குழந்தை தூங்குவதில்லையாம், வெளிச்சத்தைப் பார்த்த அக்கா தலையில் கை வைத்தால் போதுமாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு ஒரு புதுப் பிழைப்பே தயாராக இருந்தது. அந்தக் குழந்தையின் தலையில் கையை வைத்தேன், எந்தத் தாயும் வைப்பது போல. பிறகு, “அம்மிணி, எனக்கு ஒரு சக்தியும் இல்ல, புள்ளைய டாக்டர்கிட்டக் காட்டு” என்று சொல்லி அனுப்பிவிட்டு, மொபட்டை எடுத்துக்கொண்டு அந்த ஷெட்டுக்குப் போனேன். ஒரு கேள்வி மட்டும் முள் மாதிரி குத்திக்கொண்டிருந்தது. அன்றைக்கு அது ஏன் பட்டென்று அணைந்தது?

பண்ணையைப் பார்த்துக்கொள்வது என்னைவிடப் பத்து வயது சின்னவளான ஒரு பெண். கணவர் தீவன லோடுக்கு அலைய, கோழிகளுக்கு இவள்தான் எல்லாம். முட்டைக்கு வருகிற பருவத்தில் கோழிக்குப் பகல் நீள வேண்டும், அதனால் விடியுமுன்னே விளக்குப் போடுவார்கள் என்று அவள் சொல்லி எனக்குத் தெரிய வேண்டியதில்லை. நான் பார்த்த அந்த நாள்தான் புது ஷெட்டில் முதல் முதலாக விளக்குப் போட்ட நாள் என்றாள். கரண்ட் இல்லாததால் ஜெனரேட்டர் ஓடியதாம். ரீங்காரம் அதுதான்.

“அன்னைக்கு ஏன் சாமி திடீர்னு லைட்ட அமத்தின?”

அவள் முகம் மாறியது. சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “யாருகிட்டயும் சொல்லலீங்கக்கா. சொன்னா சிரிப்பாங்க. அன்னைக்கு ஏரிக்கு மேல, அந்தரத்துல, மஞ்சளா ரெண்டு கண்ணுங்க. மினுக்கு மினுக்குன்னு என்னையே பாத்துட்டு நின்னுச்சு. முனியப்பன் வெளிச்சத்தப் பாத்து வந்துட்டாருன்னு வெடவெடன்னு வந்துருச்சு. லைட்ட அமத்திப்போட்டு அப்பிடியே மண்டி போட்டுக் கும்பிட்டனுங்க. அதுல இருந்து காலைல தனியா வாரதுக்கே பயமுங்க. எங்கூட்டுக்காரரு சோம்பேறின்னு திட்டறாரு.”

என் வேன். நான்கு பக்கமும் மினுக்குகிற அந்த மஞ்சள் விளக்கு. ஏரிக்கரையும் பனியில் மறைந்திருக்கும், அவள் பக்கமிருந்து பார்த்தால் அதுவும் அந்தரம்தான். நான் அவளைப் பார்த்துப் பயந்தேன். அவள் என்னைப் பார்த்துப் பயந்தாள். ஏரிக்கு இந்தக் கரையில் நான் அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அந்தக் கரையில் அவள் முனியப்பனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் முழங்காலில், ஒருவருக்கு எதிரே ஒருவர்.

சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள், நானும் சிரித்தேன். தீவன மூட்டை மேல் உட்கார்ந்து இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். கோழிகளெல்லாம் மிரண்டு ஒரே கூச்சல். எழுந்தபோது அவள் என் கையைப் பிடித்து, “அப்ப நானும் பைத்தியமில்லீங்களா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் எனக்கு வழியைக் காட்டியது.

ஒன்பதாம் நாள் காலை. தாளாளரை வரச் சொன்னேன், இயற்பியல் ஆசிரியரைக் கூட்டிவரச் சொன்னேன், எதிர்வீட்டு அக்காவை நானே மொபட்டில் வைத்துக் கொண்டுபோனேன். தாளாளரும் ஆசிரியரும் என் வேனிலேயே வந்தார்கள், தற்காலிக டிரைவர் ஓட்டினார். ஒரு தடவை நேரில் பாருங்கள், அதன் பிறகு நானே வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதனால்தான் வந்தார்கள். பனி மட்டும் என் கையில் இல்லை. ஐந்தேகாலுக்கு ஏரி துடைத்துவிட்ட மாதிரிக் கிடந்தது. தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்து, நவநாளின் கடைசி மந்திரத்தைக் கோபத்தோடுதான் சொன்னேன். தண்ணீரிலிருந்து புகை மாதிரி ஒன்று கிளம்பியது. பத்து நிமிடத்தில் ஏரியை மூடியது, எதிர்க்கரையை மூடியது. என் போன் பையிலேயே இருந்தது. வெளியே எடுக்காமலே பண்ணைப் பெண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன்.

அது வந்தது. ஜெனரேட்டரையும் ஓட்டச் சொல்லியிருந்தேன், ரீங்காரத்தோடு வந்தது.

“முருகா!” என்றார் தாளாளர். குரலை உயர்த்தாத மனிதர் கத்தியது ஏரியில் எதிரொலித்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எதிர்வீட்டு அக்கா ரோட்டில் விழுந்தே கும்பிட்டுவிட்டார். தற்காலிக டிரைவர் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆசிரியர் மட்டும் வாயைத் திறந்தபடி இருந்தார், பிறகு மெதுவாக, “நகருது... இடது பக்கமா நகருது” என்றார்.

“வெள்ளிக் கிரகமா சார்?” என்று கேட்டேன்.

அவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று விட்டேன். இத்தனை நாள் நான் பட்டதற்கு இரண்டு நிமிடம் அதிகமில்லை. பிறகு போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “அம்மிணி, அமத்து” என்றேன். அது அணைந்தது. “போடு” என்றேன். வந்தது. “அமத்து.” போனது. “போடு.” வந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு அதிகாரம் எனக்கு இருந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை. சொல்கிறேனே, அனுபவித்தேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நேரம் ஆக ஆகத் தூண்கள் தெரிய ஆரம்பித்தன. ஆசிரியர்தான் முதலில் சிரித்தார், நல்ல சிரிப்பு. ஷெட் நகரவில்லை, பனி நகர்கிறது, மேகம் ஓடும்போது நிலா ஓடுகிற மாதிரி தெரியவில்லையா என்று அவரே எல்லாருக்கும் விளக்கினார். விடியற்காலைக் குளிரில் தண்ணீர் மேல் சத்தம் எப்படி இவ்வளவு தூரம் வருகிறது என்பதையும் சொன்னார். இந்த முறை ஒவ்வொன்றும் பொருந்தியது. “நான் மொதல்லயே இங்க வந்திருக்கணும்கா” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை அன்றே மன்னித்துவிட்டேன்.

எதிர்வீட்டு அக்கா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். “அதெல்லாம் செரி சாமி. ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல மண்டி போட வெச்சது ஆரு? உனக்காவ நான் சேவல் நேர்ந்தது நேர்ந்ததுதான்.” யாரோ எதிரில் இருக்கிறார்கள் என்று எனக்கு அன்று தோன்றியது பொய்யில்லை. நிஜமாகவே எதிரில் ஒருத்தி இருந்தாள். அதை எனக்கு யார் சொன்னது என்பதைப் பனியும் ஜெனரேட்டரும் விளக்கவில்லை. அந்தக் கேள்வி என்னிடம் அப்படியே இருக்கிறது. எனக்கு அது பாரமாகவும் இல்லை.

தாளாளர் செருப்பை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். “கண்ணால் கண்டதும் பொய்னு சொன்னேன்...”

“தீர விசாரிப்பதே மெய்ங்க சார். நீங்க பாதியோட நிறுத்திட்டீங்க.”

அவர் வேன் பக்கம் போய், ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, தற்காலிக டிரைவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்து என் கையில் வைத்தார். சின்னச் சிலுவை அதிலேயே இருந்தது. யாரும் கழற்றியிருக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் ஏறியிருந்தது, முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

என் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடியை என் உயரத்துக்குத் திருப்பினேன். கிளம்புவதற்கு முன் மஞ்சள் விளக்கை மூன்று முறை மினுக்கினேன். ஏரிக்கு அந்தப் பக்கம் ஷெட் மூன்று முறை அணைந்து எரிந்தது. அதற்குப் பிறகு அவள் தனியாகத்தான் விளக்குப் போட வருகிறாள், நான் கடக்கும் நேரத்தில் மஞ்சள் மினுக்கல் வருமா என்று பார்த்துக்கொண்டு.

முதல் நிறுத்தத்தில் நின்றபோது மணி ஆறு பத்து. விதி விதிதானே, போனை எடுத்தேன். அந்தப் பயந்த அப்பாவும் கேட்பார், சிரித்த முகம் போட்டவரும் கேட்பார், கும்பிட்ட கை போட்டவரும் கேட்பார். தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் நன்றாகக் கேட்கிற குரலில் பேசினேன்.

“வணக்கமுங்க. வேன்காரக்கா பேசறேன். வண்டி பத்து நிமிசம் லேட்டுங்க. பஞ்சர் இல்லீங்க.”